கணக்கில் சேராத ரன்

பேஸ்பால் ஆட்டத்துக்கு அம்பயராக வரவேண்டியவனின் கார் நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது. எங்கள் ஊரில் சட்டம் தெரிந்த இன்னொருவன் நான்தான். கென்ட் ஆடும் ஆட்டத்துக்கு நான் நிற்கக்கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இரண்டு டீம் மேனேஜர்களும் கேட்கவில்லை. "உன்னை எங்களுக்குத் தெரியாதா வெர்லின்" என்று முகமூடியைக் கையில் திணித்துவிட்டார்கள்.

கென்ட் என் மனைவி மார்லிஸின் முதல் கணவருக்குப் பிறந்தவன். நான் அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்தே அவனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. கல்யாணமாகித் தனியே போனபின் எங்கள் மேஜையில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அன்று காலை பெட்ரோல் பங்கில் பார்த்தபோதுதான் அதிசயமாக வாயைத் திறந்தான்.

"ஆட்டம் முடிஞ்சதும் சாப்பிட வரேன். அம்மாவை அந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பண்ணச் சொல்லுங்க."

மார்லிஸ் கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய அந்த ஹாட்டிஷ் தட்டை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்கே வந்தாள். எனக்கு நேர் பின்னால், கம்பி வலைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். எங்கள் ஊர் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. கென்ட் இரண்டாவது பேஸில் நின்றான்; மூன்றாவதையும் தாண்டி நான் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன், சமம். மறு அம்பயர் ஸ்டான் இரண்டு விரலால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான், எது முந்துகிறது என்று கவனி என்பதற்கு. நானும் தட்டினேன். மூன்றாவது ஆள் ஓடும்போது பந்தால் தொடப்பட்டு அவுட்டானால், கென்ட் அதற்கு முன் ஹோம் பிளேட்டை மிதித்திருக்க வேண்டும். பின்னால் மிதித்தால் ரன் கிடையாது. அதைப் பார்க்க வேண்டியவன் நான்.

பந்து இடப்பக்கம் பறந்தது. கென்ட் மூன்றாவது பேஸைச் சுற்றிப் புயலாக வந்தான். அடுத்து அடிக்க வேண்டிய டுவேன், வழக்கப்படி பிளேட்டுக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினான். 'சறுக்க வேண்டாம், பந்து இங்கே வரவில்லை, நின்றபடியே வா' என்று அர்த்தம். பந்து இங்கே வரவில்லைதான். அடித்தவன் பேராசைப்பட்டு இரண்டாவது பேஸுக்கு ஓடினான். பந்து அங்கே போனது. கென்ட் டுவேனின் கையைப் பார்த்துச் சிரித்தபடி வேகத்தைக் குறைத்தான். ஓடு, ஓடு என்று எனக்குள் கத்தினேன். அம்பயர் வாய்விட்டுக் கத்த முடியுமா?

அங்கே, அடித்தவன் அவுட் என்று ஸ்டானின் முஷ்டி உயர்ந்தது. இங்கே கென்டின் கால் இன்னும் காற்றில் இருந்தது.

"ரன் இல்லை!" என்று கையை வீசினேன். ஆட்டம் முடிந்தது. தோற்றோம்.

"குருட்டுக் கிழவா! கண்ணாடியைத் துடைச்சுப் போடுய்யா!" எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவன் டுவேன்தான். அந்தக் கையைத் தூக்கிய மகராசன்.

கென்ட் கத்தவில்லை. என் முகமூடிக்கு அருகே வந்தான்.

"இதுக்குத்தானே இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தீங்க?"

நான் முகமூடியைக் கழற்றுவதற்குள் போய்விட்டான்.

வீட்டில் மார்லிஸ் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். ஹாட்டிஷ் ஆறியது. மறுபடி சூடாக்கினாள். கென்டின் பிக்கப் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். வண்டி எங்கள் வீட்டு முன்னால் மெதுவானது. என் கார் நிற்பதைப் பார்த்திருப்பான். அப்படியே போய்விட்டது.

அவள் திரும்பி வந்து மூன்றாவது தட்டை எடுத்தாள்.

"நிஜமாவே அவுட் முந்திடுச்சு, மார்லிஸ். சத்தியமா."

"தெரியும். உன் பின்னாடிதானே இருந்தேன், நானும் பாத்தேன்" என்றாள். தட்டை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "நீ பாக்காம இருந்திருக்கலாம்."