தங்கம்மாக்காவுக்கு நான் சொன்ன வைத்தியம்

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் என் கடை. நைட்டி, உள்பாவாடை, பேடு விற்கிறேன். ஆண்டர்சன்பேட்டையில் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். வந்தவளைச் சிரிக்க வைத்தால் பாதி பேரம் முடிந்த மாதிரி. அந்தப் பழக்கம்தான் கெடுத்தது.

போன ஆடியில், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தங்கம்மாக்கா வந்து பேடு கேட்டாள். ஐம்பத்தேழு வயது. மருமகள் ஷில்பாவுக்கு என்று நினைத்தேன்.

"எனக்குத்தான்டி லீலா. நின்னு மூணு வருஷம் ஆச்சி. இப்ப மறுபடி லேசா படுது. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

பேப்பரில் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னேன்: "இதுக்கு இன்னாத்துக்குக்கா டாக்டரு? மூடுன தங்க மைன்ஸ மறுபடி தொறக்கப் போறாங்கன்னு ஊரே சொல்லிக்கினு கீது. உன்னுத அதுக்கு முன்னாடியே தொறந்துட்டாங்க. மாமாவுக்கு யோகம் போ!"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரிடம் போகவில்லை. மாதம் ஒரு பாக்கெட் வாங்கினாள், நானும் மாதம் ஒரு தடவை அதையே சொல்லிச் சிரிக்க வைத்தேன். எட்டாவது மாதம் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தாள்.

மகன் உதயிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். காலை ரயிலில் பெங்களூர் போனோம். முதல் வாரம் பரிசோதனை. அடுத்த வாரம் ரிசல்ட்.

லேடி டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "இது கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் குழாய், அதுங்க முனையில சினைப்பை. சினைப்பை மாசாமாசம் முட்டை விடும். அது சுரக்குற ஹார்மோன்லதான் கர்ப்பப்பைக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு வளரும். கரு தங்கலைன்னா மெத்தை கழண்டு ரத்தமா வந்துடும். வயசானா சினைப்பை ஓய்ஞ்சிடும், மெத்தையும் வளரக்கூடாது. நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும்மா. உங்களுக்கு அந்த மெத்தையிலதான் கேன்சர். இது எல்லாத்தையும் எடுக்கணும். எவ்வளவு பரவியிருக்குன்னு ஸ்கேன் பாத்துதான் சொல்ல முடியும்."

முப்பது வருஷம் பேடு விற்றவள் நான். அந்த ரத்தம் எங்கிருந்து, எதற்காக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"எட்டு மாசம் ஏன் விட்டீங்க? யாராவது ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல மேடம். எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சி."

நான் என் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்க்கா எம் பேர சொல்லல?"

"உன்ன சொல்லி இன்னா ஆவப்போவுது? நீ சொன்னது கேக்க நல்லா இருந்துச்சி. அதான் திரும்பத் திரும்ப உன் கடைக்கே வந்தேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மறுபடி கதவைத் தட்டினேன்.

"நான்தான் மேடம் சொன்னது. தமாஷுக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். குரலை உயர்த்தவில்லை. "வேற யாருக்காவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

பாப்பம்மா. சரோஜம்மா. சாம்பியன் ரீப்ஸ் ஏரியாவிலிருந்து வருகிற ஒருத்தி, பேர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. விரலை மடக்கிக்கொண்டே நின்றேன். டாக்டர் காத்திருந்தார்.