மூன்று நாள் காய்ச்சல்

என் நாவலில் பூவம்மா மொத்தம் பதினாறு பக்கம்தான் வருகிறாள். அதில் ஒன்பது பக்கம் அழுகிறாள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணவைத்தவர் காதர் மைதீன்.

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் மாத இதழ் நடத்துகிறவர் அவர். 'எட்டாம் நம்பர் வாசல்' என்ற என் நாவலைத் தொடராகப் போட்டு, 1958இல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஊரில் பெண்டாட்டி பூவம்மாவை விட்டுவிட்டுச் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவனின் கதை. அவன் பார்த்தேயிராத குழந்தை அங்கே காய்ச்சலில் போய்விடும். இங்கே அவன் கப்பல் பட்டறையில் நின்று இரண்டு அத்தியாயம் அழுவான். வாசகர்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் காதர் மைதீன் என்னைக் கோப்பிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பசியாறுங்க தம்பி. தீபாவளி மலருக்கு ஒரு குறுநாவல் வேணும். அதே கதைதான், ஆனா பூவம்மா பக்கத்துலேருந்து. அவ அங்கே என்ன பாடுபட்டான்னு லெட்டர் போட்டுக் கேக்குறாங்க லா.”

“அதான் நாவல்லயே சொல்லியாச்சே பாய்.”

“எங்கே சொன்னீங்க? அழுதான்னு சொன்னீங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. நாவலோட ஒரு வரிகூட இடிக்கக் கூடாது. நம்ம ஆளுங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிப்பாங்க.”

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏற்கெனவே தெரிந்த கதைதானே, நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது!

புதுக்கதை என்றால் நம் இஷ்டத்துக்கு மழை பெய்யவைக்கலாம், கிணறு வெட்டலாம். இதில் எல்லாம் முன்னாலேயே அச்சாகிவிட்டது. நாவலில் ஏதோ அவசரத்தில் சித்திரை மாதம் அடைமழை பெய்யவைத்திருந்தேன். இப்போது பூவம்மா அந்த மழையில் நனைந்தே ஆகவேண்டும். அவளுக்கு ஒரு தங்கை உண்டென்று ஆறாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, பிறகு அந்தப் பெண்ணைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அவளுக்கும் ஒரு வழி பண்ணவேண்டும். நான் எழுதிய புத்தகமே எனக்கு மேலதிகாரி மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தது.

ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஆறிலும் பூவம்மா புருஷனின் கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். எழுதுவது, கிழிப்பது, திங்கட்கிழமை மறுபடி கடற்படைத் தளத்து ஸ்டோருக்குப் போய்க் கிளார்க் நாற்காலியில் உட்காருவது. எலும்புவரைக்கும் அலுப்பு. அந்தப் பெண்ணின் கண்ணீரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

பூவம்மா யாரென்று நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி சிவகாமசுந்தரி. அவளைக் கர்ப்பிணியாக ஊரில் விட்டுவிட்டு 47இல் நான் கப்பலேறினேன். கண்மணி பிறந்தாள். ஒன்றரை வயதில் இறந்தும் போனாள். என் மகளின் முகம் எனக்குத் தெரியாது. 52இல்தான் சிவகாமியையும் என் அப்பாவையும் இங்கே அழைத்துக்கொண்டேன்.

குழந்தை போனதற்கு அப்பா எனக்கு எழுதிய கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் நாவலில் போட்டிருந்தேன். 'குழந்தை மூன்று நாள் காய்ச்சலில் இறைவனடி சேர்ந்தது. எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். மனதைத் தேற்றிக்கொள்.' வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் இடம் அதுதான். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும், “அந்த லெட்டரு நான் எழுதுனது” என்பார்.

ஏழாவது ஞாயிறு. அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். சிவகாமி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“சிவகாமி, அந்த மூணு நாளும் அங்கே என்ன நடந்துச்சு? கொஞ்சம் சொல்லேன்.”

“எந்த மூணு நாள்?”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சப்போ.”

அவள் கை நின்றது. “பதினோரு நாள்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நாலாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்னு மாமாகிட்ட கேட்டேன். தானா விட்டுடும்னாரு. எட்டாம் நாள் அவரு காலடியில பாப்பாவைக் கிடத்திட்டுக் கேட்டேன். நாளைக்குப் பாக்கலாம்னாரு. பதினோராம் நாள்தான் வண்டி கட்டுனாரு. வழியிலேயே போயிட்டா. மறுநாள் உங்களுக்கு லெட்டர் எழுதுனாரு. எழுதுனதை வாய்விட்டுப் படிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேக்கலை. இப்பக்கூட மலருக்காகத்தானே கேக்குறீங்க.”

அவள் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “எழுதுனா பதினொண்ணுன்னு எழுதுங்க. இல்லேன்னா எழுதவே வேணாம். அந்தப் பொண்ணு அழுததெல்லாம் போதும்.”

அதன்பிறகு பேனாவைத் தொடவே பயமாக இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சுலபம். ஆஸ்பத்திரி என்றால் பிணமாகத்தான் திரும்புவோம் என்று நம்பிய தலைமுறை. இன்றைக்கும் நான் வேலையிலிருந்து வர லேட்டானால் பஸ் நிற்கும் இடத்துக்குக் குடையோடு வந்து நிற்கிறவர். அவரை எப்படி அச்சில் ஏற்றுவது?

காதர் மைதீனிடம் போய், “முடியலை பாய், விட்டுடுங்க” என்றேன்.

“விளம்பரம் போட்டாச்சே! என்னா பிரச்சினை?”

“நாவல்ல மூணு நாள்னு இருக்கு. இதுல பதினொண்ணுன்னு வரணும். இடிக்குது.”

அவர் கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே யோசித்தார். “மூணு நாள்னு நீங்களா சொன்னீங்க? லெட்டர்தானே சொல்லுது. லெட்டர் பொய் சொல்லக் கூடாதா?”

கடிதம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஏழு ஞாயிறாக நான் முட்டிக்கொண்ட கதவை ஒரு வாய் கோப்பியில் திறந்துவிட்டார். நாவலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவேண்டாம். எழுத்தாளனுக்கு வழி கிடைத்துவிட்டது. மகனுக்குத்தான் வழி அடைத்துவிட்டது.

எழுதினேன். பூவம்மா ஓர் இடத்திலும் அழவில்லை. முடித்ததும் சிவகாமியிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தாள். “தங்கச்சி என்ன ஆனான்னு இதுலயும் எழுதலையே” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும் என்று பல தடவை வாயெடுத்தேன். கண் மங்கிக்கொண்டு வருகிறது, இவ்வளவு தூரம் படிக்கமாட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கோழை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுவேட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்தார் அப்பா. கையில் மலர். பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டு மங்களமும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். “ஒக்காருங்க, நம்ம தங்கராஜு எழுதுனது” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். விலகிப்போகவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை.

சித்திரை மழையில் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் வந்தது. அப்பாவின் குரல் இறங்கியது. 'எட்டாம் நாள் அவள் குழந்தையை மாமனாரின் காலடியில்' என்று படித்தவர் நிறுத்திவிட்டார்.

“ஏன் மாமா? எழுத்து தெரியலையா?” என்றாள் மங்களம்.

அப்பா தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். சிவகாமி ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“படிங்க மாமா” என்றாள்.

அவர் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை. பதினோராம் நாளைப் படித்தார், வண்டியைப் படித்தார். கடைசியில் கடிதம் வந்தது. பதினொன்றை மூன்றாக்கி எழுதிய அந்தக் கடிதத்தையும் படித்தார். 'அந்த லெட்டரு நான் எழுதுனது' என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மங்களம் தட்டை எடுத்துக்கொண்டு புருஷனோடு எழுந்து போனாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் உள்ளே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள் சிவகாமி. ஒன்பது பக்கம் அவளை அழவைத்தவன் நான். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.