சோதனைக் கணினி கற்றுக்கொண்டது

கொம்பு எழுத்தைவிட்டு விலகித் தனியாக நிற்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, மூலையிலிருந்த சோதனைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் மென்பொருளில் பதினொரு மொழிகளில் எழுதலாம். தட்டிய எழுத்து விழ வேண்டும், விழுந்தது உடையாமல் தெரிய வேண்டும். இரண்டும் என் பொறுப்பு. ஒன்பது வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். பின்னால் தட்டுகிற கொம்பு முன்னால் போய் நிற்பதற்காக மூன்று மாதம் பித்துப்பிடித்தவன் மாதிரி திரிந்ததில், அலுவலகம் எனக்கு வைத்த பெயரே கொம்பு. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கணினிக்கு நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சோதிக்கிறேன் பேர்வழி என்று யாரும் வாய்க்கு வந்ததைத் தட்டக்கூடாது. கடிதமோ விடுப்பு விண்ணப்பமோ, நிஜமாக எழுத வேண்டியதை அங்கே உட்கார்ந்து எழுத வேண்டும். அப்போதுதான் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று மென்பொருள் கற்றுக்கொண்டு எடுத்துக்கொடுக்கும். எழுதியதை அழித்தாலும் கற்றது அழியாது. அதுவும் என் கைவேலைதான்.

வழக்கம்போல 'கொம்பு' என்று என் பெயரையே தட்டினேன். கொம்பு ஒழுங்காக விழுந்தது. கீழே அடுத்த சொல்லாக 'இல்லாமலே' வந்தது. விளையாட்டாக அதை ஏற்றேன். 'சமாளிக்கலாம்' வந்தது. சிரித்துக்கொண்டேதான் அழுத்தினேன். ஒவ்வொரு சொல்லாக வந்து வரிசையில் நின்றது. 'அவர் செய்யும் பகுதியை வெளி நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மைத்துனர் என்றாலும் நிறுவனத்தின் நன்மைக்காகச் சொல்கிறேன்.'

இந்த அலுவலகத்தில் நான் ஒரே ஒருவருக்குத்தான் மைத்துனர். என் தங்கை கணவர். எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவரை, முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே கொண்டுவந்தவன் நான். முதலாளி ஒரு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாததன் காரணம் இப்போது விளங்கியது. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் ஒன்பது வருடத்தை மாப்பிள்ளை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

போன ஞாயிறன்று தங்கை போனில், வேறு எங்காவது வேலை பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருந்தாள். எனக்கென்ன குறைச்சல் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினாள் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைக்கிறது. அவர் செய்ததைக்கூட ஒரு நாள் விழுங்கிவிடுவேன். ஆனால் இவளுமா?

தட்டியதை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். கழுவிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே அவர்தான் முதலில் வந்தார். என்ன மச்சான், சாப்பிடலையா என்று அக்கறையாகக் கேட்டார்.

"இப்படி உக்காருங்க மாப்பிள்ளை. என் பேரைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க."

எழுந்து இடம் விட்டேன். உட்கார்ந்து தட்டினார். சொல் வந்தது. அவர் விரல் விசைக்கு மேலே அப்படியே நின்றது. மறுப்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் திகைப்பதுபோல நடிக்கவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நிஜக் கடிதமாத்தான் எழுதணும்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க" என்றார் மெதுவாக.

"அவளுக்குத் தெரியுமா?"

வெளியே படிக்கட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் திரையையே பார்த்தார். நானும் பார்த்தேன். கொம்பு இம்மியும் பிசகாமல் அதன் இடத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே 'இல்லாமலே' என்ற சொல், யாராவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருந்தது.