மூன்று இடத்தில் அளந்த பதில்

ஜன்னல் சட்டத்துக்குள் மாட்டும் சுருட்டுத் திரை செய்கிறவருக்கு ஒரு ஜன்னலின் அகலத்தை ஒரு தடவை அளந்தால் போதாது. மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுக்க வேண்டும். எந்தக் கொத்தனாரும் ஜன்னலை நேராகக் கட்டியதில்லை. மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் திரையை வெட்ட வேண்டும். கூடுதலுக்கு வெட்டினால் திரை உள்ளே போகாது. உள்ளே போகாத திரை தரை துடைக்கக்கூட உதவாது.

தெருவே ஜன்னல்காரர் என்று கூப்பிடும் அவர் பதினைந்து வருஷமாக இப்படித்தான் வெட்டி வந்தார். இந்த இரண்டு வாரமாகத்தான் எதை எங்கே அளப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு எதிரே பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று முடிந்து நின்றது. இருநூறு வீடுகள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சாவி கொடுக்கிறார்கள். ஒரு ஜன்னலிலும் திரை கிடையாது. போன வருஷம் பின்தெருவில் இதேபோல ஒரு கட்டடம் திறந்தது. எங்கிருந்தோ வந்த வேன்கள் திரைகளை இறக்கிவிட்டுப் போயின. இவர் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அங்கே குடிவந்த ஒருவரை இவர் மச்சான் வழிமறித்து, ஏன் எங்கள் கடைக்கு வரவில்லை என்று கேட்டே விட்டான். "போன்ல தேடினேன், நீங்க வரலையே" என்றாராம் அவர். இந்தத் தடவையும் அப்படியானால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கடையில் இருப்பது மூன்று பேர். வெட்டுவதற்கு அவர், தைப்பதற்கு அவர் மனைவி, சுவரில் துளை போட்டு மாட்டுவதற்கு மனைவியின் தம்பியான அந்த மச்சான்.

வெப்சைட் வேண்டும் என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வீட்டிலிருந்து தனியாக வேலை பார்க்கும் ஃப்ரீலான்சர் பெண் ஒருத்தியை மனைவி பிடித்து வைத்திருந்தாள். மச்சான் பிடித்து வந்தது ஒரு ஏஜென்சி. அங்கே வரைய ஒருவர், எழுத ஒருவர், போனை எடுக்கத் தனியாக ஒருவர்.

"ஒத்தை ஆளு மாமா. நாளைக்கு அதுக்குக் காய்ச்சல் வந்தா நம்ம சைட்டும் போர்த்திக்கிட்டுப் படுத்துரும்" என்றான் மச்சான்.

"உன் ஏஜென்சியில மட்டும் என்ன? தினம் ஒரு புது ஆள் பேசுறான். நாம என்ன கடைன்னு முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்கு. நேத்து பேசினவன் நாம மெத்தை விக்கிறோம்னு நெனச்சிட்டிருக்கான்."

"அது சின்னப் பிசகு அக்கா."

"மெத்தையைக் கொண்டு போய் ஜன்னல்ல மாட்டு. அப்போ தெரியும் பிசகு."

அவருக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. கடைசியாகப் பேசியவர் சொன்னது இன்னும் கொஞ்சம் சரியாகப் பட்டது. காலையில் மனைவி பக்கம் இருந்தவர், மத்தியானம் மச்சான் பக்கம் சாய்ந்து, சாயங்காலம் யார் பக்கமும் இல்லாமல் கையில் அளவு டேப்போடு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆட்களையும் மூன்று இடத்தில் அளந்துவிடலாம். சைட் நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் சரி செய்வீர்கள் என்ற ஒரே கேள்வியைத் திங்கள், புதன், சனி என மூன்று நாளும் இருவரிடமும் கேட்டார். பதில்களை வெட்டும் மேசையில் பென்சிலால் எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெண், "உடனே பார்த்துருவேன் சார்" என்றாள். புதன்கிழமை, "அன்னைக்கே முடிச்சுருவேன்." சனிக்கிழமை பின்னால் ஒரு குழந்தை அழுதது, "ரெண்டு நாள்னு வெச்சுக்கங்க சார்."

ஏஜென்சியில் திங்கட்கிழமை பேசியவர் நாலு மணி நேரம் என்றார். புதன்கிழமை வேறொருவர் ஒரு நாள் என்றார். சனிக்கிழமை மூன்றாமவர், "புகாரைப் பதிவு பண்ணுங்க சார், ரெண்டு நாள்ல பதில் வரும்" என்றார்.

இரண்டு பக்கத்திலும் ஆக மட்டமான பதில் இரண்டு நாள். ஜன்னல்காரருக்கு மண்டை காய்ந்தது.

"பதினஞ்சு வருஷத்துல இப்போதான் ரெண்டு ஜன்னல் ஒரே அளவுல வந்திருக்கு மாமா" என்றான் மச்சான்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "அவங்களை அளந்தீங்க. அவங்களும் உங்களை அளந்தாங்களே, அதையும் பக்கத்துல எழுதுங்க."

"என்னை என்ன அளந்தாங்க?"

"சைட்ல போட படமும் விவரமும் எப்போ தருவீங்கன்னு ரெண்டு பேரும் கேட்டாங்க இல்ல? திங்கக்கிழமை நீங்க சொன்னது, நாளைக்கே தர்றேன். புதன்கிழமை, இந்த வாரத்துல தர்றேன். இன்னைக்கு, பார்த்துச் சொல்றேன். நான் இங்கேதான உக்காந்திருக்கேன். இதுல எது குறைஞ்சது?"

பென்சில் அவர் கையில் இருந்தது. அதைக் காதில் செருகிக்கொண்டார்.

"படம் கைக்கு வந்த நாள்ல இருந்துதான் அவங்க நாள் எண்ணுவாங்க. ஒண்ணாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருக்கு. ஏஜென்சிக்கு நாலு வாரம் வேணும்."

"நாலு வாரம்னு யாரு சொன்னா அக்கா?"

"நீ கொண்டு வந்த தாள்லதான்டா இருக்கு. ரெண்டாம் பக்கம். நீ அட்டைப் படத்தோட நிறுத்திட்ட."

மச்சான் துளை போடும் மெஷினை எடுத்து, சுத்தமாக இருந்த அதைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அந்தப் பொண்ணு முதல் பக்கத்தை மட்டும் பத்து நாள்ல போட்டுருவேன்னு சொன்னா. கடை பேரு, நம்பரு, நாலு படம். மீதியெல்லாம் அப்புறம்."

"அப்போ அந்தப் பொண்ணுதான்னு சொல்றியா?"

"நான் சொன்னது போன வாரம். இப்போ சொல்றது காலண்டர்."

ஆள் முடிவாகிவிட்டது. ஆனால் நாலு படம் எங்கே? பதினைந்து வருஷத்தில் ஒரு திரையைக்கூட அவர்கள் படம் எடுத்ததில்லை. மாட்டுவார்கள், கீழே விழுந்த சுண்ணாம்புத் தூளைக் கூட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள். அதுதான் பழக்கம். மச்சானின் போனைத் தடவிப் பார்த்ததில் ஒரு நாயும், உடைந்த துளை ஊசிகள் ஏழும் கிடைத்தன.

மறுநாள் காலை ஜன்னல்காரர் தெருமுனைப் பல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். அங்கே மாட்டியிருந்தது அவர் வெட்டிய திரைதான். படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"சார், இதுல திரை எங்க?"

"மேல சுருட்டி இருக்கும்மா."

"இறக்கிட்டு எடுங்க."

இறக்கி எடுத்தார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் அறையே கறுத்துப்போய் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் விழுந்தது.

"இப்போ ஜன்னல் எங்க சார்?"

"திரைக்குப் பின்னாடி."

"பாதி இறக்குங்க சார்."

பாதி என்றால் எவ்வளவு? கண்ணளவில் எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை. டேப்பை எடுத்து இடது ஓரத்தில் உயரம் பார்த்தார், நடுவில் பார்த்தார், வலது ஓரத்தில் பார்த்தார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. இதில் குறைந்ததில் பாதியா, நடுவில் உள்ளதில் பாதியா என்று யோசித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் ஏற்றியிருந்த திரைக்குக் கீழே அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் மொட்டை ஜன்னல்களோடு தெரிந்தது.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"தெரியல சார்" என்றார் ஜன்னல்காரர். "பதினெட்டு நாள் இருக்கு."