முடிக்குள் இருந்த பள்ளம்

"நடிக்கிறாங்கறேன். ஜெயில்ல தின்ன கொழுப்பு. கூடப் பொறந்தவன் கைய ஒடைக்கிறவன் பைத்தியமா?"

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி ஆதிமூலம் கத்தியபோது, நைனார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்க அடுப்பை அணைத்துவிட்டு வெளியே நின்றது.

"அவருக்குத் தலை சரியில்ல மாமா. சொந்தத் தம்பிய மறுபடியும் ஜெயிலுக்கு அனுப்பணும்னு நிக்கிறீங்களே" என்றாள் சின்னப்பொண்ணு.

அவள் புருஷன் அய்யப்பன், சண்டை யாருக்கோ என்பதுபோல வாசலில் குந்தியிருந்தான். ஜாமீனில் வந்த நாள்முதல் விடிந்தால் அப்படித்தான். ஜெயிலில்போல யாராவது தலையை எண்ணும்வரை எழமாட்டான். தெருப் பெண்கள் போகிறபோக்கில் எண்ணிவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டுதான், ஆனாலும் எண்ணினார்கள்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தவர்களில் அவனும் ஒருவன். கோடாலி ஆதிமூலத்துடையது, ஓடத் தெரிந்த கால்களும் ஆதிமூலத்துடையவை. போலீஸ் தடி தம்பியின் தலையில் இறங்கியது.

ஜெயிலுக்குப் பார்க்கப் போன சின்னப்பொண்ணு கம்பிக்கு இப்பால் நின்று சொன்ன ஒரே புத்தி: "மாரியாத்தாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன். கேஸ் முடியற வரைக்கும் முடியில கத்தி படக்கூடாது. யாரையும் தொட உடாதீங்க."

அவனும் அவள் சொல்லைத் தட்டவில்லை. தலைவலி என்றவனுக்கு மருந்து போட முடியை வழிக்க வந்தவரைக் கடித்துவைத்தான். முரடன் என்று தனியறையில் போட்டார்கள். காயம் சடைக்குள்ளேயே காய்ந்தது.

"மொட்ட போட்டா எல்லாம் எறங்கிடும்" என்று பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். கேஸ் முடியாமல் மொட்டையா என்று சின்னப்பொண்ணு தயங்கினாள். ஆத்தாவுக்குத் தெரியாதா என்றார்கள். ஆதிமூலமும் பொறுப்பதாகத் தலையாட்டினார். முந்தின நாளே புகார் கொடுத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கே கோயில் வாசலில் உட்காரவைத்தார்கள். வலது காதுக்கு மேலே வந்ததும் நாவிதர் பச்சமுத்துவின் கத்தி நின்றுவிட்டது. எலும்பு உள்வாங்கியிருந்தது. சின்னப்பொண்ணு கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"நானே மூடி வச்சிட்டனே" என்றாள்.

ஆதிமூலம் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். ஜீப் வந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் இறங்கியதும் அய்யப்பன் தானாகவே குந்தி, எண்ணுவதற்குத் தலையைக் குனிந்து கொடுத்தான். புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆதிமூலம் பின்னாலேயே ஓடினார். ஜாமீனில் இருப்பவன் மேல் வந்த புகார்; அது அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

இந்த முறை ஜெயிலில் பள்ளம் எல்லார் கண்ணிலும் பட்டது. அப்போதே பார்த்திருக்கவேண்டும் என்றாராம் டாக்டர். கடைசியில் பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னப்பொண்ணு போய்ப் பார்த்தால், எண்ண வந்தவள் என்று நினைத்துக் குந்துவான்.

இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடு வந்தது. ஆதிமூலத்தின் மகன் சிவசங்கருக்குப் பின்னாளில் அதில்தான் காலேஜில் இடம் கிடைத்தது. சேலத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். செல்லியம்மாள் மகள் எலவனாசூர்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டாள். சின்னப்பொண்ணு கல்வராயன் மலை அடிவாரத்தில் தன் தம்பி வீட்டோடு போய்விட்டாள். கடுக்காய் பொறுக்கப் போகிறாளாம்.