கடிதத்தின் நான்காவது வரி

தம்பி மகளுக்காக எழுதிய அந்தக் கடிதத்தை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் பெரியப்பா தபாலில் சேர்த்தார். யாரும் கேட்கவில்லை. வீட்டுப் பெண் ஓர் இடத்துக்கு முதன்முதலாகப் போகிறாள் என்றால், அவள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறாள் என்று அங்கே தெரிய வேண்டாமா? நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் திரும்பி வந்ததில்லை.

மொத்தம் ஐந்து வரிகள். நான்காவது வரியை எழுதும்போது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது: 'எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தேர்வில் தோற்றவர் ஒருவரும் இல்லை.'

பம்புகளையும் குழாய்களையும் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிலையம் அது. கோடை விடுமுறையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரே ஓர் இடம். நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துகொள்ளலாம். வாலு என்று வீட்டில் கூப்பிடப்படும் அந்தப் பெண், ஒரு வருடமாக அந்த ஓர் இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணலன்று பெரியப்பாவும் கூடவே வந்து, வராந்தாவில் மற்ற மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"யாருமே பெரியவங்களக் கூட்டிட்டு வரல பெரியப்பா. பாருங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நான் என்ன உன் மடியிலயா உக்காந்திருக்கேன்? நாற்காலியிலதான உக்காந்திருக்கேன்?"

"உள்ள மட்டும் வந்துடாதீங்க. கும்பிடுறேன்."

"கூப்பிடாத இடத்துக்குப் போற ஆளா நான்?" என்றார் பெரியப்பா, கொஞ்சம்கூடக் கூசாமல்.

அவள் உள்ளே போனாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர்: ஆய்வகத்தின் தலைவி, பக்கத்தில் ஓர் இளம் எஞ்சினியர். பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டார்.

"விண்ணப்பத்துல நீ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல ஃபெயிலானதா எழுதியிருக்க," என்றார் தலைவி. "அதுக்கப்புறம் காலேஜ் லேப்ல ஓடாம கெடந்த பம்பப் பிரிச்சுப் பாத்துப் படிச்சதாவும் எழுதியிருக்க. அத வெச்சுத்தான் உன்னக் கூப்பிட்டோம். ஆனா உங்க வீட்டுலருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. மூணு தலைமுறையா யாருமே தோத்ததில்லையாம். எதம்மா நெஜம்?"

வராந்தாவில் பெரியப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஃபெயிலா? வாலுவா?

உள்ளே அவள் குரல் கேட்டது. "நான் எழுதினதுதான் நெஜம் மேடம். பெரியப்பா பொய் சொல்ல மாட்டாரு. நான் அவர்கிட்ட மறைச்சுட்டேன்."

"எங்களுக்கு எழுதினத அவர்கிட்ட ஏன் மறைச்ச?"

"உங்ககிட்ட சொன்னா இடம்தான் போகும். அவர்கிட்ட சொன்னா அந்த வரி போயிடும் மேடம். வீட்டுல அத வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாரு."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். தலைவி சிரிக்கவில்லை. "கடிதத்துக்கு எண் போட்டு ஃபைல்ல சேத்தாச்சு. ஒண்ணுக்கொண்ணு முரணான ரெண்டு காகிதத்த வெச்சுக்கிட்டு உன் பேர நான் மேல அனுப்ப முடியாது. ஒண்ணு பொய்ன்னுதான் கமிட்டி நினைக்கும். அடுத்த ஆளப் பாத்துட வேண்டியதுதான்."

எண் போட்ட காகிதத்தைக் கிழிக்க முடியாது. அது பெரியப்பாவுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதைத் திருத்த இன்னொரு காகிதம் வேண்டும். அதே கையெழுத்தில் வேண்டும். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அவர் மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்று அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தோற்றது அவளாக இருக்கலாம். ஆனால் தப்பான வரியின் கீழே நிற்பது அவர் கையெழுத்து. அது அங்கே இன்னும் ஒரு நிமிடம் கிடந்தாலும் அவமானம்.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தட்டினார்.

"பெரியப்பா!" என்று வாலு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதம் எழுதினவன் நான்தான். ஒரு வெள்ளைத் தாள் குடுங்கம்மா."

நின்றபடியே, மேசையோரத்தில் குனிந்து எழுதினார். கை ஒருமுறை நின்றது; பிறகு ஓடியது. தலைவி வாங்கி வாய்விட்டுப் படித்தார்: "'என் கடிதத்தின் நான்காவது வரி தவறு. எங்கள் வீட்டில் ஒருத்தி தோற்றிருக்கிறாள். அதை மறைக்காமல் தங்களுக்கு எழுதியும் இருக்கிறாள். மற்ற நான்கு வரிகளில் மாற்றம் இல்லை.'"

தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உக்காருங்க ஐயா," என்றார்.

எஞ்சினியர் வாலுவின் பக்கம் திரும்பினார். "அந்த பம்புல கோளாறு எங்க இருந்துச்சு?"

"தண்ணிய இழுக்கிற பக்கம் சார். ஒரு சொட்டுகூட ஒழுகல. அதனால அந்தப் பக்கம் சரியா இருக்குன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. பரீட்சையில நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனா அந்தப் பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். இணைப்புக்கு இணைப்பு சோப்பு நுரையத் தடவினேன். ஒரு எடத்துல நுரைய அப்படியே உள்ள இழுத்துக்குச்சு."

கண் விரிய, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வீட்டில் அவள் அப்படிப் பேசி அவர் பார்த்ததே இல்லை. யாராவது கேட்டிருந்தால்தானே!

தலைவி இரண்டு காகிதங்களையும் சேர்த்துக் குத்தி ஃபைலில் வைத்தார். "இன்னைக்கே மேல அனுப்பிடறேன். நான் அனுப்பின பேரு இதுவரைக்கும் தட்டிப் போனதில்ல. திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துடு. கால் மூடின ஷூ போட்டுட்டு வா."

"எட்டா?" என்றார் பெரியப்பா. "இவ எந்திரிக்கிறதே—"

"பெரியப்பா, வாங்க போலாம்."

தெருவில் இறங்கி பஸ் நிறுத்தத்தை நோக்கி அவர் விறுவிறுவென்று நடந்தார். அவளும் பக்கத்திலேயே தலை குனிந்து நடந்தாள்.

"மார்க் எவ்வளவு?" என்றார் திடீரென்று.

"முப்பத்தொண்ணு."

அவர் நின்றார். பிறகு நடந்தார். "ரெண்டாந்தடவ?"

"எழுவத்தெட்டு."

"முப்பத்தொண்ணு," என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உங்க பெரியம்மாகிட்ட நீ ஒண்ணும் ஒளறாத. நானே சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"எழுவத்தெட்டுலருந்து ஆரம்பிப்பேன்," என்றார் பெரியப்பா, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டே.