கோணலின் இடது காது

தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். காது கேட்கும் கருவி விற்பது, பழுது பார்ப்பது, காதின் அளவுக்கு அச்செடுப்பது என்று இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே நாற்காலி. வீடு கடைக்கு மேலே. மதியம் இரண்டு மணிக்குக் கதவை இழுத்துவிட்டு மாடியேறினால் நான்கு வரை இறங்கமாட்டார். முன்பெல்லாம் அந்த இரண்டு மணி நேரமும் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்ப்பார். இப்போது தூங்குவதில்லை, காத்திருக்கிறார்.

மனைவி இறந்து நாலு மாதம் ஆகிறது. அவள் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள். மதிய நேரத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் தாளின் ஓரத்தில் கீறிக்கொண்டே இருப்பாள். சர், சர். கொஞ்சம் நிற்கும். தாள் புரளும். மறுபடி சர், சர். அந்தச் சத்தத்தில்தான் மனிதர் இத்தனை வருடம் தூங்கினார். அது நின்றபோது அவருக்கு அழுகைகூட வரவில்லை. காது வெறிச்சென்று போனதுதான் தாங்கவில்லை.

அவள் வளர்த்த பூனைக்கு மேனேஜர் என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அவளே வைத்தது. மேனேஜர் ஏழு வாரத்துக்கு முன் மேசைக்கடியில் இருந்த பழைய மெய்ப்புப் பெட்டிக்குள் மூன்று குட்டி போட்டது. இரண்டு வெறும் ரவுடிகள். மூன்றாவது மட்டும் தலையை இடப்பக்கம் சாய்த்தே வைத்திருக்கும். அதனால் அதற்குக் கோணல் என்று பேராயிற்று.

கோணலின் போக்கு முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. திடீரென்று தலையை உதறும். பின்னங்காலால் இடது காதைப் பறண்டும். பிறகு அசையாமல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, யாருமில்லாத மேசை நாற்காலியையே பார்க்கும். அதுவும் மதியத்தில். வெயில் நாற்காலி மேல் விழும் நேரத்தில்.

யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதே பிழைப்பாகப் போனவர் காதுக்காரர். கேட்கிற முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? குட்டிக்கு என்னவோ கேட்கிறது.

அன்றே கடை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ரப்பர் குழாயை எடுத்து வந்தார். கருவி சரியாகப் பேசுகிறதா என்று கேட்டுப்பார்க்கிற குழாய், இரு முனையிலும் மெத்தென்ற குமிழ். கடையில் புழங்குகிற குழாய்களில் ஒரு முனைக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பார். சிவப்பு அடுத்தவர் காதுக்கு, வெறும் முனை தன் காதுக்கு. மாற்றிப் போட்டால் ஊர் அழுக்கெல்லாம் நம் காதுக்கு வரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் எடுப்பார். இந்தப் பழைய குழாயில் சாயம் இல்லை. அதைப் பற்றி அப்போது அவர் நினைக்கவே இல்லை.

ஒரு முனையைக் கோணலின் இடது காதில் மெல்ல வைத்தார். மறுமுனையைத் தன் வலது காதில் பொருத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சர், சர்.

கொஞ்சம் நின்றது. எதுவோ புரண்டது. மறுபடி சர், சர்.

காதுக்காரர் தரையில் உட்கார்ந்து நாலு மாத அழுகையையும் அழுது தீர்த்தார். குட்டி திமிறிக்கொண்டு ஓடியது. பிடித்து வந்து, கையில் அகப்பட்ட முனையை அதன் காதில் வைத்து மறுபடி கேட்டார். அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு இதுவே வேலையாயிற்று. அவள் பாதியில் விட்டுப்போன மெய்ப்புத் தாள்களை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். ஒருநாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "என் மேல கோவமா?" என்றார். கீறல் சட்டென்று நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. மறுநாள் எப்போது இரண்டு மணி ஆகும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் மாடியேறி வந்தால், மேசைத் தாள்களில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். வரி முடிகிற இடங்களில் சில, ஓரத்தில் சில. பக்கத்தில் கோணல் தலையை உதறியபடி நின்றிருந்தது. அவர் பார்த்தது புள்ளிகளை மட்டும்தான்.

கொழுந்தியாள் வந்தது அந்த வாரக் கடைசியில். மனைவிக்கு ஒரே தங்கை, கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அக்கா இறந்த மதியம் அங்கே ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்ததாம். அதை அவள் யாரிடமும் பேசுவதில்லை.

உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அத்தான், ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

கோணலைத் தூக்கினாள். காது மடலை விரித்துப் பார்த்தாள். உள்ளே காப்பித்தூளை அள்ளிப் போட்டதுபோல் கருகருவென்று அப்பியிருந்தது. காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

காதுக்காரர் குழாயை நீட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கீறல், கேள்வி கேட்டதும் நின்றது, தாளில் விழுந்த புள்ளிகள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. கருவி வைக்கிற பெட்டியின் கறுப்பு வெல்வெட்டை மேசையில் விரித்தாள். தாளிலிருந்த புள்ளிகளை அதன் மேல் தட்டினாள். அவருடைய பழுது பார்க்கும் லென்ஸை அவர் கண்ணிலேயே பொருத்தினாள்.

"பாருங்க."

கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாக, ஊசி முனையைவிடச் சின்னதாக, என்னவோ நடந்துகொண்டிருந்தது.

"காதுப் பூச்சி அத்தான். உள்ள குடும்பம் நடத்துது. நீங்க கேட்டது இதுங்க நடமாட்டம்தான். அது நாற்காலிய பாக்கல. அரிப்பு தாங்காம தலையச் சாய்ச்சுக்கிட்டு நிக்குது."

"நீ சொன்னா சொல்லிக்கோ. எனக்கு அவ பென்சில் தெரியாதா?"

"இப்படியே விட்டா சீழ் வெச்சு, செவிப்பறை ஓட்டை விழுந்து செவிடாகிப் போகும். ஊருக்கெல்லாம் காது குடுக்கறவர் நீங்க. ஒரு குட்டியோட காதக் கெடுத்துத்தான் எங்க அக்காவக் கேக்கணுமா?"

அந்த வார்த்தை அவரைக் குத்திவிட்டது. குட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

அவள் வெதுவெதுப்பான எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, காதின் அடியைப் பிசைந்து, ஊறி வந்த கறுப்பைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடவே கூடாது என்றாள். பிறகு மருந்துச் சொட்டு. சொறியாத இரண்டு ரவுடிகளுக்கும், ஆட்சேபம் தெரிவித்த மேனேஜருக்கும் அதே வைத்தியம். ஒன்றுக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கும். பெட்டியில் கிடந்த துணியை வெந்நீரில் போட்டாள். முட்டைகள் பொரித்து வரும், மூன்று வாரத்தில் இன்னொரு தடவை விடவேண்டும் என்றாள். புறப்படும்போது குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்து ஒரு முனையில் சிவப்பாகப் பூசினாள்.

"அடுத்தவங்க காதுக்கு எதுன்னு எங்களுக்குப் பாடம் எடுப்பீங்களே" என்றாள்.

அடுத்த நாள் இரண்டு மணிக்குக் காதுக்காரர் கேட்டுப் பார்த்தார். கீறல் இருந்தது, சன்னமாக. அதற்கடுத்த நாள் இன்னும் சன்னம். நான்காம் நாள் ஒன்றுமில்லை. கோணல் தலையை நேராக வைத்துக்கொண்டு ரவுடிகளோடு சேர்ந்து திரைச்சீலையைக் கிழித்தது. குட்டி தேறியது அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் மனைவியை இரண்டாம் தடவை வழியனுப்பியதுபோல் இருந்தது.

ஆறாம் நாள் கடையில் ஒருவருக்குக் கருவி மாட்டிக்கொண்டிருந்தபோது வலது காதில் லேசாக அரித்தது. விரலை வைத்தார். உள்ளே, குழாய் எதுவும் இல்லாமல், இதுவரை கேட்டதைவிடப் பக்கத்தில்,

சர், சர்.

அவருக்கு விஷயம் உடனே புரிந்தது. எத்தனை தடவை முனை மாறிப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இது இன்னதென்று லென்ஸில் கண்ணால் பார்த்தவர். அலமாரியில் ஸ்பிரிட் இருக்கிறது, கொழுந்தியாளுக்கு ஒரு போன் போட்டால் போதும். அவர் வந்தவரை அனுப்பிவிட்டுக் கதவை இழுத்தார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மாடியேறி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். அன்று மதியம், நாலு மாதத்துக்குப் பிறகு, அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

மூன்று வாரம் கழித்துக் கொழுந்தியாள் மருந்துப் புட்டியோடு வந்தாள். பூனைகள் நாலுக்கும் காது சுத்தம். இரண்டாவது சொட்டு விட்டு, கை கழுவி, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தபடி நிமிர்ந்தாள். அத்தான் வலப்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் நகக் கீறல்.

அவள் நனைத்த பஞ்சோடு அவர் பக்கத்தில் வந்தாள்.

"காதக் காட்டுங்க அத்தான்."

"விடும்மா."

"செவிடாயிடுவீங்க."

"இன்னும் ஒரு நாள்."

"நேத்தும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்திருப்பீங்க."

அவர் இழுப்பறையிலிருந்து குழாயை எடுத்து, சிவப்பு முனையைத் தன் காதில் செருகி, வெறும் முனையை அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். பிறகு வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள்.

அவள் உதடு கோணியது. சின்ன வயதில் ஒரே விளக்கில் அக்கா எழுத, இவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அது பூச்சிதான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"தூரமாக் கேக்குது அத்தான்" என்றாள். "எங்கிட்ட இருந்து ரொம்ப தூரமா."

ஸ்பிரிட் பஞ்சு இன்னும் கையில்தான் இருந்தது. அவர் காதிலிருந்து சிவப்பு முனையை உருவினாள். கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போவது போல் பஞ்சைக் கொண்டுபோனாள். அப்புறம் பஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, சிவப்பு முனையைத் தன் காதில் நன்றாக அழுத்திச் செருகிக்கொண்டாள்.

நாற்காலி மேல் வெயில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோணல் மேசைமேல் ஏறி, தலையை நேராக வைத்துக்கொண்டு, அவர்களையே பார்த்தது.